காம்பு காயாத பரங்கி

நெய்வேலி நகரியம்
டிசம்பர் 19

மதிப்பிற்குரிய விருத்தாம்பாள் அம்மாளுக்கு,

வணக்கம். உங்கள் மகள் மலர்விழி குடியிருக்கும் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவள் நான். என்னைப் பற்றி உங்கள் காதுக்கு ஏதாவது வந்திருந்தால் அதை முதலில் திருத்திவிடுகிறேன். எதிர் வீட்டுத் தேவயானி எங்கள் பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான்: தாலி அறுத்தவள் முழுப் பரங்கிக்காயைத் தன் கையால் பிளந்தாள், அந்தத் தோஷம் பக்கத்து வீட்டில் இறங்கிவிட்டது, அந்தப் பெண் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பிளந்தது உண்மை. முழுக் காயில் ஆண்பிள்ளைதான் முதலில் கத்தி வைக்க வேண்டும் என்ற வழக்கமும் எனக்குத் தெரியும். கடலூரில் கன்னியாஸ்திரீகளிடம் படித்த நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை. ஆனாலும் அடுத்த வீட்டுக் காயை நானாக எடுத்துப் பிளக்கவில்லை. மலர் கேட்டாள். ஏன் கேட்டாள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது நீங்கள் கொடுத்தனுப்பிய விதை. உங்கள் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்துபோகும், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ராயப்பனிடம்தான் ஆவணியில் கொடுத்துவிட்டீர்களாம். உங்கள் சம்மதம் இல்லாமல் நடந்த கல்யாணம் என்றும், அதன்பிறகு நீங்கள் இந்த வாசலை மிதிக்கவில்லை என்றும் அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். விதைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அன்று முழுவதும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். மறுநாள் பின்பக்கம் குழி எடுத்து, எரு போட்டு ஊன்றினாள். ஒரு கொடிதான் தேறியது. அது நடுச்சுவர் ஏறி என் பக்கம் இறங்கியது. வேர் எங்க வூட்ல, காய் உங்க வூட்ல, நீங்க குடுத்து வச்சவங்கம்மா என்று கேலி செய்வாள்.

பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தபோது விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, பிஞ்சு வைத்த பூவில் தொட்டு வைத்தாள். உங்களிடம் கற்றது என்றாள். இரண்டு காய்கள் நின்றன. ஐப்பசி மழையில் அடி அழுகிவிடாமல் ஓட்டுத் துண்டின்மேல் தூக்கி வைத்தோம். காற்று திரும்பினால் இங்கே இலையெல்லாம் தூசு படியும். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள். காய் முற்றும் விஷயத்தில் என்னைவிடக் கண்டிப்பானவள். தோலின் பளபளப்பு போக வேண்டும், அழுத்தினால் நகம் இறங்கக் கூடாது, காம்பு காய்ந்து தக்கைபோல ஆக வேண்டும். ஒருநாள் நான் அவசரப்பட்டுக் கத்தியோடு போனபோது சுவருக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பச்சைக் காம்போட அறுத்தா அது பரங்கியில்லம்மா, வெறும் தண்ணி என்றாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் மாப்பிள்ளை அருண்குமாரின் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். அவர்கள் வீட்டில் இந்த மஞ்சள் காய்க்குப் பூசணி என்றுதான் பெயர். நம் பக்கத்தில் பூசணி என்றால் வெள்ளைக்காய். கல்யாணமான புதிதில் பூசணிக்காய்க் கூட்டு வை என்று அவர் சொல்லியிருக்கிறார். இவள் வெள்ளைக்காயை வாங்கிக் கூட்டு வைத்திருக்கிறாள். தட்டு பறந்ததாம். அவள் புருவத்துக்கு மேலே ஒரு வடு இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. அதைத் தடவிக்கொண்டே, எங்க ஊர்ல பரங்கிதாம்மா, இனிமே செத்தாலும் இதைப் பூசணின்னு சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

கார்த்திகையில் முதல் காய் முற்றியது. அறுத்துச் சில நாள் வெயிலில் வைத்து எடுத்த பிறகு, உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு, உங்கள் வழக்கப்படி அவரே பிளக்கட்டும் என்றேன். அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவரு கைக்குக் கத்தி போக வேணாம்மா, நீங்களே பொளந்து குடுத்துடுங்க என்றாள். பிளந்து பாதியை அவளிடம் கொடுத்தேன். எதுவானாலும் என் பின்கதவைத் தட்டு, எந்நேரமானாலும் திறப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். தேவயானி பார்த்தது இதைத்தான். அவள் காதில் விழாததை நான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த வாரத்துக்குள் மலரைக் காணோம். அருண்குமாரைக் கேட்டேன். அம்மா வீட்டுக்குப் போயிருக்கா ஆன்ட்டி, அம்மாவும் பொண்ணும் ராசியாயிட்டாங்க என்றார். மனம் குளிர்ந்ததாக அவரிடம் சொன்னேன். அன்று மாலை மலரின் எண்ணிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. அம்மா வீட்டில் நலமாக இருக்கிறேன், வர நாளாகும், கொடியில் இருக்கும் பூசணிக்காயை அறுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விருத்தாம்பாள் அம்மா, அந்தக் காயின் காம்பு அப்போது பச்சையாக இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அறுக்கச் சொல்லி அவள் எழுத மாட்டாள். பூசணி என்று எழுதவே மாட்டாள்.

நான் அறுக்கவில்லை. இரண்டு நாளில் என் பக்கத்துக் கொடி முழுவதும் துவண்டது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர்கள் பக்கம் அடித்தண்டை யாரோ வெட்டியிருந்தார்கள். காயைக் கொடித் துண்டோடு என் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர்கள் பின்வாசல் படியில் மலரின் நீலச் செருப்பு மழையில் ஊறிக் கிடந்தது. வெளியே போட்டுக்கொண்டு போக அவளிடம் அது ஒன்றுதான் உண்டு. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. மார்கழி பிறந்தும் அந்த வாசலில் ஒரு புள்ளி கோலம் விழவில்லை.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்து அருண்குமார் என் கதவைத் தட்டினார். எல்லாருக்கும் நின்று வணக்கம் சொல்லும் பிள்ளை என்று பிளாக்கில் நல்ல பெயர். கையில் வெட்டுக்கத்தி இருந்தது. உங்க வீட்டில ஆம்பளை இல்லையே ஆன்ட்டி, அந்தப் பூசணிக்காயை நானே வெட்டித் தர்றேன் என்றார். கதவுச் சங்கிலியை எடுக்காமலே, காம்பு இன்னும் காயவில்லை என்றேன். ஒரு காய்க்கு இவ்வளவு காவலா என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். உங்கள் போன் எண்ணைக் கேட்டேன். நீங்கள் எண்ணை மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

நானே பஸ் ஏறி உங்களிடம் வந்திருப்பேன். இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் அந்தப் பின்வாசலைப் பார்க்க வேறு ஆள் இல்லை. உங்களுக்கும் அவள் எண்ணிலிருந்து செய்திகள் வரக்கூடும். நெய்வேலியில் சௌக்கியமாக இருக்கிறேன் என்று வந்திருந்தால் நம்ப வேண்டாம். அவள் இங்கே இல்லை. போனில் வரும் எழுத்தை யார் விரலும் தட்டலாம்.

நாளைக் காலை நான் காவல் நிலையத்துக்குப் போகிறேன், உங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும். ஆனால் பெற்றவளின் கையெழுத்து என்னிடம் இருந்தால் கிழவியின் பிதற்றல் என்று யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது. கௌரவம் பார்க்காதீர்கள். அது எனக்கும் கொஞ்சம் அதிகம்தான். இன்று அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் முன்பின் தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன்.

இரண்டாவது காய் என் சமையலறை ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் இருக்கிறது. செத்த கொடியின் துண்டு அதன் காம்பில் அப்படியே இருக்கிறது. நான் கத்தி வைக்க மாட்டேன். மலர் வந்து சொல்லட்டும். அவளைத் தேவமாதா காக்கட்டும், உங்கள் குலதெய்வமும் காக்கட்டும்.

ராயப்பன் நாளை முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது உங்கள் வாசலுக்கு வருவார். மலர் உங்களிடம் இருந்தால், இந்தக் காய்க்கு என்ன பெயர் என்று அவள் கையால், பேனாவால் ஒரே ஒரு சொல் எழுதித் தரச் சொல்லுங்கள். அது போதும். அவள் அங்கே இல்லையென்றால், இல்லை என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தயவுசெய்து எழுத்திலேயே பதில் அனுப்புங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கனகம் அய்யாசாமி