டாங்கிக்குள் தீர்த்தம்

1931 ஆகஸ்ட், வியாழன். கட்டுகஸ்தோட்டை.

முதலாளியின் புதுக் கார் வந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் என் டிரைவர் வேலை போய்விட்டது.

காலையில் புனலுக்குள், தண்ணீரைத் தடுத்து பெட்ரோலை மட்டும் இறங்கவிடும் மெல்லிய தோலை விரித்து, டின் பெட்ரோலைப் பொறுமையாக வடித்துத்தான் டாங்கியை நிரப்பினேன். கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். டாங்கியை மூட, கீழே வைத்த மூடியை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் முதலாளியின் மனைவி கோயில் தீர்த்தச் செம்போடு வந்து, "நல்ல காரியத்துக்குப் போறோம் காதர், இதுக்கும் கொஞ்சம் குடுப்போம்" என்று டாங்கிக்குள்ளேயே ஊற்றிவிட்டார். அதை வெளியே எடுக்க எங்கே நேரம்? மகளுக்குச் சம்பந்தம் பேசப் போகிற அவசரத்தில் முதலாளி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அம்பிட்டிய ஏற்றத்தில் கார் நின்றது. பார்த்து வைத்த நல்ல நேரமும் அங்கேயே கழிந்தது.

"பெட்ரோல வடிக்காம ஊத்துனியா?" என்று முதலாளி கத்தினார்.

என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொடுத்தனுப்பியவர் அந்த அம்மா. அவர் கோயில் தீர்த்தத்தை ஒரு முஸ்லிம் நான் குற்றம் சொல்வதா?

"என் பிழைதான் முதலாளி" என்றேன்.

சாவியை வாங்கிக்கொண்டார்.

பின் சீட்டில் அம்மா கண்ணைத் துடைத்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இன்னும் கொஞ்சம் தீர்த்தம் ஊத்தியிருக்கணும்."

வீட்டில் என் மனைவி, "உண்மையச் சொல்ல வேண்டியதுதானே?" என்கிறாள். யாரிடம் சொல்ல?

நாளை புது டிரைவர் வருகிறானாம். அவனும் ஒழுங்காக வடித்துத்தான் ஊற்றுவான். நாளை வெள்ளிக்கிழமை. அம்மா பெரிய செம்பாக எடுத்துவருவார்.