சம்பந்தி வீட்டுக் காடி

செர்டாங்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் மார்க்கஸுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நான் சுகம், நீயும் மருமகளும் மீரியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி. இங்கே மழை விட்டபாடில்லை, ரம்புத்தான் பூத்ததோடு சரி, முழங்கால் வலி பரவாயில்லை.

கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவன் லூனாஸில் உன் மாமியார் வீட்டில் இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் அவர்களுடைய பழைய காடியை எஞ்சினோடு பிரித்துப் போட்டு வேலை பார்த்தாய். என் வீட்டுக்கு வந்தாய், மீன் கறி சாப்பிட்டாய், கொட்டாவி விட்டாய், போய்விட்டாய். அப்பா விட்டுப்போன காடிக்கும் அதே வயசுதான், அதுவும் கார்பரேட்டர் காடிதான், ஷெட்டில் நின்றுகொண்டுதான் இருந்தது, பானெட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் அதில் பெட்ரோல் வாடை அடிக்க ஆரம்பித்தது. நானே திறந்து பார்த்தேன், டேங்கிக்குத் திரும்பிப் போகிற சின்ன ஹோஸில் வெடிப்பு. மோட்டார் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டிவிட்டேன். பால்மரம் சீவி உன்னை ஆளாக்கியவள், ரப்பரைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? இந்த மாத ஆரம்பத்தில் பூசைக்குக் கிளம்பி, காடியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு கேட்டைத் திறந்தேன், பலாப்பழத்தோடு உன் மாமியார் ஃபெலிசியா வந்து நிற்கிறார். நான் திரும்ப சாவியில் கை வைத்ததும் பழத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "சம்பந்தியம்மா, ஸ்டார்ட் பண்ணாதீங்க லா, மாப்பிள்ள சொன்னாரு, வாட வந்தா சாவியத் தொடவே கூடாதுன்னு."

பானெட்டைத் தூக்கினால் நான் கட்டிய டியூப் பெட்ரோல் குடித்து ஊறி வழவழவென்று கிடக்கிறது, சூடான எஞ்சின் பக்கத்தில் சொட்டு விழுகிறது. பயந்துதான் போனேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பம்பு அனுப்புகிற பெட்ரோல் முழுவதையும் எஞ்சின் குடிக்காதாம், மிச்சம் இந்த ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகுமாம், மாப்பிள்ளை சொன்னாராம். மடங்கினாலோ அடைத்தாலோ போக வழியில்லாமல் கார்பரேட்டர் வழிந்துவிடுமாம், மாப்பிள்ளை சொன்னாராம். பெட்ரோலுக்கென்று விற்கிற ஹோஸைத்தான் போட வேண்டுமாம், இரண்டு முனையிலும் கிளிப்பாம், எக்சாஸ்டில் உரசக் கூடாதாம், அமுக்கிப் பார்த்து விறைத்திருந்தால் வெடிக்கும் முன்பே மாற்றிவிட வேண்டுமாம். நான் பெற்ற பிள்ளை சொன்னதை நான் அவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. பொறாமைதான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நீ வாங்கிக் கொடுத்ததில் மிச்சம் என்று தன் காடியிலிருந்து ஒரு முழ ஹோஸும் கிளிப்பும் எடுத்து வந்தார். பத்து நிமிஷ வேலை, நானே மாட்டிவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த ஹோஸ் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது, காடி ஷெட்டில் இருக்கிறது. அதை மாட்ட வேண்டியவன் மீரியில் இருக்கிறான். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் உன் மாமியார்தான் லூனாஸிலிருந்து வந்து என்னைக் கோயிலுக்கு ஏற்றிப் போகிறார். நல்ல மனுஷிதான். முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், ஒரு பொட்டு பெட்ரோல் வாடை இல்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாய்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. ஈஸ்டருக்கு வரும்போது முதலில் செர்டாங், அப்புறம்தான் லூனாஸ், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பிரிஜெட்