வாய் திறந்த நாலு

என் செல்ல மகள் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

உன் அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமாக இருப்பதைப் போன மாதப் போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. அது சதையா, என் போன் கண்ணாடியின் கீறலா என்று எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வழக்கே நடந்தது. சதைதான் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மேல்முறையீடு கிடையாது.

இந்தக் கடிதத்தை மருந்துக் கடையில் இருக்கும் உன் தோழியிடம்தான் கொடுக்கப் போகிறேன். போட்டோவை அனுப்புகிறவளும் அவள்தானே. முகவரியை மட்டும் கேட்காதீங்க அங்கிள், மற்றதெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். நானும் கேட்பதில்லை. கடைக்குப் போய்ச் சும்மா நிற்கக் கூடாதே என்று தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறேன். தலைவலியே இல்லாமல் அலமாரி நிறைய மாத்திரை இருக்கிற வீடு நம் வீடாகத்தான் இருக்கும்.

குளியலறைக் குழாயை நானே சரி செய்தேன். இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. உனக்குப் புத்தி சொல்ல வந்துகொண்டிருந்த கூட்டம் ஓய்ந்துவிட்டது. புகுந்த வீட்டை விட்டு நீ பெட்டியோடு திரும்பி வந்தபோது நம் கூடம் எப்படி இருந்தது! வந்தவர் போனவர் எல்லாம் உன்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். போன வாரம் உன் பெரியத்தை மட்டும் வந்தாள். வந்ததும் உன் பேச்சை எடுத்தாள். அம்மா காபியே போடவில்லை. அத்தை அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

நீ கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் என்னிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? யாரும் என்னை என்ன ஏதென்று கேட்காத ஊரில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறேன், நீங்கள் பஸ்ஸின் போர்டைப் பார்க்கக் கூடாது என்றாய். வாழ்நாள் முழுக்கப் பலகை பார்த்தே பிழைத்தவனிடம் இப்படி ஒரு வேண்டுதல். நான் திரும்பி நின்று பழக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நகர்ந்த பிறகும் பார்த்தேன். என்ன வேணும் பெரியவரே என்று கடைக்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார். அன்றைக்கு நான் போர்டைப் பார்க்கவில்லை. இது சத்தியம்.

ஆனால் இப்போது ஒரு காரியம் செய்துவிட்டோம். வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நானும் அம்மாவும் உன்னைத் தேடிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்தோம். கோபப்படாதே. முழுவதையும் படி.

நான் மெத்தை லாரி ஓட்டிய காலம் உனக்கு மறந்திருக்காது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் பகல் வேலை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் உன்னை வீட்டில் தனியாக விட முடியாமல் லாரியில் ஏற்றிக்கொள்வேன். மத்தியான நேரத்தில் பின்னால் ஏறி, எந்த மெத்தை எப்படி என்று ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்துத் தரம் சொல்வாய். இன்ஸ்பெக்டர் அம்மா என்று முதலில் கூப்பிட்டது குடோன் மேனேஜர்தான். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு தடவை பாலம் உடைந்து சுற்றுவழியில் போனோம். எனக்கு வழி சுத்தமாகத் தெரியவில்லை. உன் எதிரில் தெரிந்த மாதிரி விசில் அடித்துக்கொண்டு ஓட்டினேன். நீ ஜன்னலில் முகத்தை வைத்தபடியே, "அப்பா, நாம கடல் பக்கம் வந்துட்டோம். நாலு வாயைத் திறந்துடுச்சு" என்றாய். பிள்ளைக்கு வெயில் தலையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மீன் வாடை வந்தது.

அதன் பிறகுதானே நீ விளக்கிச் சொன்னாய். எல்லா ஊரிலும் சாலையோரத்தில் அதே பச்சைப் பலகை, அதே வெள்ளை எண். ஆனால் பலகை செய்ய ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பட்டறை, பட்டறைக்குப் பட்டறை கை வேறு. வறண்ட வடக்குப் பக்கத்தில் பலகைக்குக் கீழே கூர்முனை இருக்கும், ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு இருக்கும். ஆற்றுச் சமவெளியில் நான்கு மூலையும் கத்தி மாதிரி, நாலின் தலை மூடி முக்கோணமாக நிற்கும். கடல் பக்கத்தில் மூலைகள் உருண்டு, நாலு மேலே சேராமல் வாயைத் திறந்து வைத்திருக்கும். அத்தனை வருடம் அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டினேன். எண்ணைப் பார்த்தேனே தவிர அதன் முகத்தைப் பார்த்ததில்லை. எட்டு வயதில் நீ பார்த்தாய். பிறகு அதுவே நமக்கு விளையாட்டாகிவிட்டது. தூரத்தில் பலகை தெரிந்ததும் யார் முதலில் பக்கத்தைச் சொல்வது என்று பந்தயம். ஒரு தடவைகூட நான் ஜெயிக்கவில்லை. பிள்ளைக்காக விட்டுக்கொடுத்தேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் நம்பவில்லை.

இனி போட்டோவுக்கு வருகிறேன். இதுவரை நீ அனுப்பியதெல்லாம் சுவருக்கு முன்னால் எடுத்தவை. வெள்ளைச் சுவர், மஞ்சள் சுவர், ஒரு தடவை வெறும் கதவு. இந்தத் தடவை உனக்குப் பின்னால் ஒரு வழிப்பலகை. பாதியை உன் தோள் மறைத்துவிட்டது. தெரிவது ஓர் உருண்டை மூலை, ஒரு நாலு. வாய் திறந்த நாலு! நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். முட்டி வலிகூட அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பிள்ளை தெரியாமல் மாட்டிக்கொண்டாள், கடல் பக்கம்தான் இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். இந்த வயதில் ஒரு தடவையாவது ஜெயித்த சந்தோஷம்.

மறுநாளே பஸ் ஏறினோம். அம்மா உனக்காக ஒரு போர்வை எடுத்துக்கொண்டாள். கடற்கரை வெயிலில் போர்வை எதற்கு என்று கேட்டதற்கு முறைத்தாள். கடலோரச் சாலையில் இருக்கிற ஊர் ஒவ்வொன்றிலும் இறங்கினோம். எல்லாப் பலகையிலும் நாலு வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தது. போட்டோவை யாரிடமும் காட்டவில்லை, உன் பெயரைச் சொல்லி யாரையும் விசாரிக்கவில்லை. அப்படிச் செய்தால் கேள்வி கேட்கிற கூட்டத்தில் நாங்களும் சேர்ந்த மாதிரிதானே. சும்மா நடந்தோம். அம்மா ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். செருப்புக் கடையில் மூன்று பேர் அவளை உட்கார வைத்து அளவு எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு பலகை. அம்மா என் போனை வாங்கி முந்தானையால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். போட்டோவையும் எதிரே இருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, இந்தப் புள்ளியெல்லாம் துடைத்தாலும் போகவில்லையே, அதற்குள்ளே வெளிச்சம் தெரிகிறதே என்றாள். நான் அதையும் கண்ணாடிக் கீறல் என்றுதான் நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால், போட்டோவில் தெரிந்த பலகை முழுக்க வரிசையாக ஓட்டை. எதிரே இருந்ததில் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் நீ சொன்ன பாடத்தின் மீதிப் பாதி ஞாபகம் வந்தது. கடலும் மலையும் ஒரே பட்டறைப் பிள்ளைகள் அப்பா, இரண்டு பக்கமும் நாலு ஒரே மாதிரிதான், ஆனால் மலையில் காற்று தள்ளிவிடாமல் இருக்கப் பலகையில் ஓட்டை போட்டிருப்பார்கள் என்றாயே. யாரோ துப்பாக்கி பழகியிருக்கிறார்கள் என்று நான் உன்னைக் கேலி செய்தேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றதற்குக் காரணமே இதுதான். எந்தப் பாடத்திலும் முதல் பாதிதான் மண்டையில் ஏறும். அதை நம்பி, கடுங்குளிர் மலையில் இருக்கிற பிள்ளையைக் கடற்கரை மணலில் தேடியிருக்கிறேன். போர்வை கொண்டுவந்தவளைக் கிண்டல் வேறு செய்தேன்.

வா, இப்படியே மலைக்குப் போகலாம் என்று எழுந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை.

"கண்டுபிடிச்ச உடனே போய்ப் பிடிச்சுக்கிட்டு வர அவ என்ன தொலைஞ்சுபோன மாடா? எட்டு வயசுல அதையெல்லாம் பார்த்தவ, இப்ப தெரியாம பலகைக்கு முன்னாடி போய் நின்னிருப்பாளா? நாலைக் காட்டினதும் அவதான், மத்த எண்ணைத் தோளால மறைச்சதும் அவதான்."

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பஸ் வந்தது, வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

இப்போது உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அம்மா சொன்னது சரியா, அல்லது இரண்டு கிழங்களும் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு ஆசைப்பட்டுவிட்டோமா, எனக்குத் தெரியவில்லை. அதை எழுதிச் சொல்ல உனக்குச் சங்கடமாக இருக்கும். எழுத வேண்டாம். அடுத்த மாதப் போட்டோவில் நீ சுவருக்கு முன்னால் நின்றால், இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று எடுத்துக்கொள்கிறோம். எத்தனை மாதம் சுவர் வந்தாலும் சரி, நல்ல சுவர் என்று சொல்லிப் பார்த்துக்கொள்வோம். எப்போதாவது மனது வந்தால் மறுபடி அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நில்லு. தோளை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள், மற்ற எண்ணும் தெரிந்தால் வந்துவிடுவோம்.

வந்தால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டேன் என்று அம்மா சொல்கிறாள். அது அவளால் முடியாது, அந்த ஒன்றை மட்டும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போர்வையைத் தோழியிடம் கொடுத்து அனுப்புகிறோம். மலைக் காற்றில் காதை மூடிக்கொண்டு நட. சுவரோ பலகையோ, சிரித்துக்கொண்டு நில்லு. நூறு வயது நன்றாக இரு, என் கண்ணே.

பந்தயத்தில் இந்தத் தடவையும் தோற்ற
உன் அப்பா

பின்குறிப்பு: போன் கண்ணாடியை மாற்றிவிட்டேன். கன்னத்தில் இருப்பது சதைதான்.