அணைத்தால்தான் இணைக்கலாம்

ஜூன் 3, செவ்வாய்

குக்கரில் மறுபடியும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். கை பழகிவிட்டது, அதைச் சொல்லிக் குற்றமில்லை.

பின்னறை இயந்திரம் இன்று புதுச் சத்தம் ஒன்று போட்டது. வழக்கமான இரைச்சலுக்கு நடுவே, கரும்பலகையில் நகம் பட்டாற்போல ஒரு கீச்சு. போய் நின்று கேட்டேன். அப்புறம் ஒன்றும் இல்லை. இது என் மனைவியின் நிலத்தடி நீர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய யூனிக்ஸ் சர்வர். அவள் கேட்டு வாங்கி வந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் கிணறுகளின் நீர்மட்டத்தை அதில்தான் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் அது ஓடிக்கொண்டேயிருக்கிறது. (எனக்கு நானே எழுதும்போதுகூடப் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு விளக்குவதுபோலத்தான் வருகிறது. ஆசிரியர் தொழில் விட்டாலும் வாய் விடவில்லை.)

ஜூன் 5, வியாழன்

அவளுடைய அலுவலகத்திலிருந்து இளைய பொறியாளர் வந்திருந்தார். அவளிடம் வேலை கற்ற பெண். தேநீர் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன், பாவம், சொல்லாமல் குடித்தார்.

ஊருக்குக் கிழக்கே ஒரு கம்பெனி ஆழ்துளைக் கிணறுகள் போட அனுமதி கேட்கிறதாம். அங்கே தண்ணீர் எப்போதுமே இவ்வளவு ஆழத்தில்தான் இருந்தது, நாங்கள் எடுப்பதால் எதுவும் குறையாது என்கிறார்களாம். அது பொய் என்று காட்டப் பழைய அளவுகள் வேண்டும். கட்டடம் மாறியபோது அலுவலகப் பிரதி தொலைந்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி விசாரணை.

"அக்கா மெஷின்ல மட்டும்தான் சார் எல்லாம் இருக்கு. நெட்வொர்க் போர்டு எப்பவோ செத்துப்போச்சு. பென் டிரைவ்னா என்னன்னே இதுக்குத் தெரியாது. எங்க ஸ்டோர்ல ஒரு டேப் டிரைவ் கிடக்கு, நாடாவுல பதியற பெட்டி. அதை மாட்டி டேப்ல ஏத்திட்டா போதும்."

"மாட்டிக்கோயேம்மா."

"மெஷினை அணைச்சாதான் சார் கேபிளை இணைக்கலாம். ஓடும்போது மாட்டினா ரெண்டும் போயிடும்."

"அணைச்சா திரும்ப வருமா?"

கோப்பையைக் கீழே வைத்தார். "பல வருஷமா சுத்திக்கிட்டே இருக்கிற டிஸ்க். ஒருதடவை நின்னா அப்படியே ஒட்டிக்கலாம். சொல்ல முடியாது சார்."

புரிந்தது. முட்டிவலிக்காரர் நடக்கும்வரை நடந்துவிடுவார். வழியில் எங்காவது உட்கார்ந்தால் கதை முடிந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதலாம்.

மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில் அவள் அந்தத் திரை முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். வந்து முடித்துக்கொள்ளலாம் என்று அப்படியே எழுந்து வந்தாள். வரவில்லை. இயந்திரத்துக்கு அது தெரியாது. 'யார்' என்று கேட்கும் மூன்றெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு, அவள்தான் காட்டிக்கொடுத்தாள். தட்டினால் இப்போது உள்ளே இருப்பவர்களின் பெயர் வரும். ஒரே ஒரு வரி வரும். அவள் பெயர், எட்டு எழுத்துக்குமேல் இடமில்லாததால் வால் வெட்டுப்பட்டு. பக்கத்தில் அவள் உள்ளே வந்த தேதி, நேரம்.

தினமும் காப்பி குடித்ததும் தட்டிப் பார்க்கிறேன். வருகைப் பதிவு எடுப்பதுபோல. வெளியே போகும்போது அந்த அறையைப் பார்த்துத்தான் போயிட்டு வரேன் என்கிறேன்.

அணைத்தால் அந்த வரி போய்விடும். அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியாது. வட்டு திரும்பச் சுற்றினாலும் அவள் உள்ளே வரமாட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

மைத்துனர் போன் செய்தார். வயது எழுபதைத் தாண்டியும் நான் அவருக்கு மாப்பிள்ளைதான்.

"மாப்பிள்ளை, அந்த இரும்புப் பெட்டிய எடைக்குப் போட்டுட்டு இங்க வந்து இருங்க. எத்தனை நாள் அதுக்குக் காவல் இருப்பீங்க?"

டேப் விஷயத்தைச் சொன்னேன்.

"டேப்பா? பழைய பாட்டு ஏதாச்சும் பாடுமா?"

"கிணத்து அளவு பாடும்."

"என் தங்கச்சி உங்ககூடப் பேசினதைவிட அதுகூடப் பேசினதுதான் ஜாஸ்தி." போனை வைப்பதற்கு முன் சொன்னார்: "அணைக்கிற அன்னிக்குச் சொல்லுங்க. நான் வரேன்."

ஜூன் 10, செவ்வாய்

கீச்சு. விட்டுவிட்டு, நாள் முழுக்க.

ஜூன் 11, புதன்

என்ன செய்யச் சொல்ற? அணைக்காம விட்டா அதுவே ஒருநாள் நின்னுடும். அப்ப உன் பேரும் போச்சு, நீ வெயில்ல அலைஞ்சு அளந்ததும் போச்சு. அணைச்சா பேர் மட்டும்தான் போகும் — அதுவும் திரும்ப ஓடினா. எனக்கு அந்த ஒரு வரி போதும்னு நான் நினைக்கலாம். நீ நினைப்பியா?

பொறியாளருக்குப் போன் செய்து, சனிக்கிழமை வாங்க என்றேன்.

ஜூன் 14, சனி

காலையில் பொறியாளரும் மைத்துனரும் வந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் போய் அந்த 'யார்' கட்டளையைக் கடைசியாக ஒருமுறை தட்டினேன். வந்தது. அப்புறம் நாற்காலியைப் பொறியாளரிடம் விட்டேன்.

நிர்வாகிக் கணக்கில் நுழைந்தார். அலுவலகத்தின் பழைய கடவுச்சொல்லே போதுமானதாக இருந்தது. "அக்கா மாத்தவே இல்ல," என்று சிரித்தார். முறைப்படி மூடும் கட்டளை கொடுத்தார். இயந்திரத்தின் விசிறி நின்றது. அந்த அறையில் சுவர்க் கடிகாரம் ஓடுவதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மைத்துனர் என் தோளில் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார்.

கேபிள் கட்டைவிரல் பருமன். ஒரு முனை சர்வரின் முதுகில், மறுமுனை டேப் டிரைவில். டிரைவின் இன்னொரு துளையில் ஒரு சின்ன மூடி செருக வேண்டுமாம். கம்பி இங்கே முடிகிறது என்று அது சொல்லாவிட்டால் போன செய்தி சுவரில் பட்ட பந்துபோலத் திரும்பி வருமாம். முதலில் டிரைவை, அப்புறம் சர்வரைப் போட்டார்.

திரையில் எழுத்து ஓடி நின்றது. வட்டு பதில் தரவில்லை என்று ஒரு வரி.

மறுபடி அணைத்துப் போட்டார். அதே வரி.

"போச்சா?" என்றார் மைத்துனர்.

பொறியாளர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது. "என்னாலதான் சார். நான் கேட்டிருக்கவே கூடாது."

எனக்குக் கோபம் வரவில்லை. காது மட்டும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே வட்டு சுற்றுகிறது. கீச்சோடு, நன்றாகவே சுற்றுகிறது.

"பையன் வகுப்புலதாம்மா இருக்கான். ஏன் ஆப்சென்ட் போடுது?"

"புரியல சார்."

"இது எப்படி ஒவ்வொருத்தரையும் கூப்பிடுது? பேர் சொல்லியா, நம்பர் சொல்லியா?"

"நம்பர்தான். கம்பியில மாட்டின ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர்." சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தினார்.

"ஒரு வருஷம் எங்க பள்ளிக்கூடத்துல ஒரே வரிசை எண்ணை ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டாங்க. கூப்பிட்டா ரெண்டு பேரும் ஒண்ணா 'உள்ளேன் ஐயா'ம்பாங்க. எனக்கு ஒருத்தன் குரலும் விளங்காது."

அவர் டிரைவின் பின்பக்கம் டார்ச் அடித்தார். பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம், அதில் 3. உள்ளே இருக்கும் வட்டுக்கும் 3 தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேனா முனையால் தள்ளி 5 ஆக்கினார்.

இந்த முறை எழுத்து நிற்காமல் ஓடியது.

"ஏன் மாப்பிள்ளை, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கு மாரடைப்பு வந்திருக்கும்."

டேப் சாயங்காலம்வரை சுற்றியது. முடிந்ததும் அதிலிருப்பதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தார். கிணறுகள் எல்லாம் இருந்தன. கிளம்பும் முன் ஒரு நிமிடம் நாற்காலியைக் கேட்டேன். யார் என்று தட்டினேன். நிர்வாகி மட்டும்.

தெரிந்துதானே செய்தேன். தெரிந்திருந்தும்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நானே அணைத்தேன். ஃபிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடுமா?

ஜூன் 20, வெள்ளி

பொறியாளர் போன் செய்தார். பழைய அளவுகளைப் பார்த்ததும் கம்பெனி வக்கீல் தண்ணீர் கேட்டுக் குடித்தாராம். இப்போதைக்கு அனுமதி இல்லை. ஒரு வருடம் புதிதாக அளந்து காட்ட வேண்டும். மற்ற கிணறுகளுக்கு அலுவலகத்தில் ஆள் உண்டு. மூடிக்கிடக்கும் பழைய நீரேற்று நிலையத்துக் கிணறு மட்டும் அவள் தானாகவே போய் அளந்தது. அவளுக்குப் பிறகு அங்கே யாரும் போகவில்லை.

"பக்கத்துலதான் இருக்கீங்க, நீங்க அளந்து தர முடியுமான்னு கேட்டேன். கஷ்டம்னா வேணாம் சார்."

கஷ்டம் இல்லை என்றேன். எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுத்தார். நல்ல மாணவன்போல இரண்டு சந்தேகம் கேட்டேன்.

ஜூன் 28, சனி

நீரேற்று நிலையம். வாசலில் காவலாளி, என் வயதுதான் இருக்கும். என் கையிலிருந்த அவளுடைய அளவுச் சுருளைப் பார்த்ததும் கேட்காமலே கதவைத் திறந்தார்.

"மேடம் வரலையா சார்? ரொம்ப நாளாச்சே. வேற ஊருக்கு மாத்திட்டாங்களா?"

இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"இல்லீங்க," என்றேன். "அவங்க தவறிட்டாங்க. நான் அவங்க வீட்டுக்காரர்."

முதல் தடவையாக என் வாயால் சொன்னேன். மற்றவர்களுக்கெல்லாம் மைத்துனர்தான் சொன்னார்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கிணறுவரை கூடவே நடந்தார். கிணற்று மூடியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். சுருளை இறக்கினேன், நுனி தண்ணீரைத் தொட்டதும் சுருளிலிருந்த குட்டி விளக்கு எரிந்தது. கண்ணாடி இல்லாமல் எண் சரியாகத் தெரியவில்லை. அவர்தான் குனிந்து படித்துச் சொன்னார். பதினொன்று புள்ளி நாலு மீட்டர்.

"மேடம் எப்பவும் ரெண்டு தடவ பாப்பாங்க சார்."

இன்னொரு முறை இறக்கினேன். அதேதான்.