நீ சொல்லாமல் விட்ட பகிடி

வின்டர்தூர்
19.10.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தக்ஷிகாவுக்கு,

அப்பாவும் நானும் சுகம். நீ மெல்பேர்னில் பத்திரமாய் இறங்கிவிட்டாய் என்று அங்கே இருக்கிற பெரியம்மா அறிவித்த பிறகுதான் அந்தச் சுகமும் முழுதாய் வந்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, வானொலி சொல்ல முன்பே அப்பாவின் முழங்கால் எங்களுக்கு அறிவித்துவிட்டது. கீழ் வீட்டு வதனி உன்னோடு நின்று எடுத்த படத்தைத் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பி முடித்து, இப்போது இரண்டாம் தரம் அனுப்பிக்கொண்டிருக்கிறா. பத்திரிகையில் உன்னை "அவுஸ்திரேலிய நகைச்சுவை நடிகை" என்று போட்டுவிட்டார்கள் என்று அவவுக்குச் சரியான கோபம். "இஞ்சை பிறந்து இஞ்சை வளந்த பெட்டை, எங்கடை வின்டர்தூர்ப் பிள்ளையெண்டு ஒரு வரி போட்டால் என்ன குறைஞ்சு போகும்" என்று என்னிடம் வந்து சண்டை, நான்தான் பத்திரிகை நடத்துகிற மாதிரி. நீ நின்ற நான்கு நாளும் வீடு வீடாக இருந்தது. நல்லாய் மெலிந்து போனாய், அதைச் சொன்னால் கமராவுக்கு அது நல்லது என்கிறாய். கமரா உனக்குச் சோறு போடுமா என்று எனக்குத் தெரியாது, காலையில் வெறும் கோப்பியோடு ஓடாதே.

நான் எழுத வந்த விசயம் வேறு. ரெலிபோனில் சொல்ல மூன்று தரம் முயன்றேன். நீ நடுவில் ஒரு பகிடி விடுவாய், நான் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். ஆனபடியால் இதை எழுதி, பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பிவிட்டு, தபாலிலும் போடப் போகிறேன். அடுத்த மாதம் அவர்கள் உன் நிகழ்ச்சியைப் படம் பிடிக்க முன் நீ இதை வாசித்தாக வேண்டும். அன்று சூரிச்சில் உன் நிகழ்ச்சிக்கு நாங்கள் மூன்றாம் வரிசையில் இருந்தோம், அப்பா கலியாணங்களுக்குப் போடுகிற கோட்டோடு. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்து மூதாட்டி ஃபிராவ் எக்லியையும் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தேன். நீ மாடி வீடுகளில் எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையின் சாவிக்காக இந்த ஊர்ச் சனம் எழுதி ஒட்டுகிற கடிதங்களைச் சொன்னாய், அப்பாவின் நடையை நடந்து காட்டினாய், மண்டபம் குலுங்கியது. பிறகு, "எனக்குப் பதினொரு வயசு இருக்கேக்கை" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாய். நான் நிமிர்ந்து இருந்தேன். உன் கண் மூன்றாம் வரிசைக்கு வந்தது. உடனே போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தாய், வேறு கதைக்குப் போய்விட்டாய். ஃபிராவ் எக்லி என் கையைப் பிடித்து, விட்டுவிட்டாளே என்று ஜேர்மனில் மெல்லச் சொன்னா. முடிந்த பிறகு உடுப்பு மாற்றும் அறையில் நீ என்னைக் கட்டிப் பிடித்து, "அம்மா, உங்களை வைச்சுச் சனத்தைச் சிரிக்கப் பண்ணுற அந்தப் பகுதி இனி இல்லை. படம் பிடிக்கேக்கையும் வராது. நீங்கள் இருக்கிறதைக் கண்ட உடனை எனக்கு வெக்கமாய்ப் போச்சுது" என்றாய். சுற்றிவர ஆட்கள் படம் எடுக்கக் காத்து நின்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தலையாட்டலைத்தான் இன்று திருப்பி எடுக்கிறேன்.

அதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். திரும்பி வரும்போது ரயிலில் பாதி வழியில் என்னைப் பார்த்து, "நான் உப்பிடியே நடக்கிறனான்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பிடிச்சிட்டாள்" என்றார், அவ்வளவுதான். ஆனால் போன வெள்ளிக்கிழமை கோயிலில் சிறீதரன் அண்ணை, "மகள் அங்கை நேர்ஸாய்த்தானே இருக்கிறா?" என்று கேட்டார். நாங்கள்தானே அப்படிச் சொல்லி வைத்திருந்தோம். நான் ஓம் என்று சொல்ல வாய் எடுக்க முன் அப்பா முந்திக்கொண்டார். "இல்லை அண்ணை, அவ மேடையிலை பகிடி சொல்லுறவ. சனம் ரிக்கெற் எடுத்து வந்து சிரிக்குது. என்னையும் நடந்து காட்டினவ" என்று சொல்லி, நீ நடந்த மாதிரித் தான் நடந்து காட்டினார். கோயில் மண்டபத்தில், பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. தன்னைப் போலத் தானே நடிக்க அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாய் இருந்தது, இரண்டு தரம் நடந்து பார்த்தார். மூன்று வருசம் உன்னோடு கதைக்காமல் இருந்த மனுசன். மெல்பேர்னுக்குப் படிக்கப் போன நீ நேர்ஸ் படிப்பை இரண்டாம் வருசத்தில் விட்டபோது, "கோமாளி வேலை பாக்கவோ இவளைப் பிளேன் ஏத்தினது" என்று அவர் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நானும் உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உணவகத்துக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து ஒளித்து உன்னோடு கதைத்தேன், கதைத்தும் என்ன, "படிப்பை முடிச்சிட்டுப் பிறகு பகிடி விடன் பிள்ளை" என்றுதானே சொன்னேன். உனக்குப் பகலில் பாண் சுடுகிற கடையில் வேலை, பின்னேரம் ஏதோ ஒரு குடிபானச் சாலையில் மைக்குக்கு முன்னால். ஒரு நாள் ஏழு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் நித்திரை என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நீ எப்படி இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. முதல் முதல் ரீவியில் உனக்கு நேர்ஸ் வேசம் கிடைத்ததும் அப்பா, "படிச்சிருந்தால் உண்மையான நேர்ஸாய் வந்திருப்பாள்" என்றார். ஆனால் அந்தத் தொடரில் ஒரு நாளையும் அவர் பார்க்காமல் விடவில்லை, இது உனக்குத் தெரியாது. பிறகு கார் ஓட்டப் பழக்குகிற பெண்ணாய் நடித்தாயே, அதற்கு விருது வாங்கி, அத்தனை பெரிய மனிதருக்கு முன்னால் தமிழில், "அம்மா, நான் சாப்பிட்டிட்டன்" என்று சொன்னாய். அன்று அப்பா எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

நீ விட்டுவிட்ட அந்தப் பகுதி எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனபடியால் பார்த்திருக்க மாட்டா என்றுதானே நினைத்திருந்தாய். ஃபிராவ் எக்லி நாற்பது வருசம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவ. பின்னேரக் கோப்பி கொடுத்து முடிந்ததும் எனக்குப் பதினைந்து நிமிசம் ஓய்வு. அந்த நேரம் அவவின் கட்டில் ஓரத்தில் இருந்து ரெலிபோனில் உன் நிகழ்ச்சியைப் போடுவேன். அவ முதலில் தான் சிரித்து முடிப்பா, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜேர்மனில் எனக்கு விளக்குவா, நான் அதை எனக்குள் தமிழில் மாற்றி, அதற்குப் பிறகுதான் சிரிப்பேன். சில பகிடி எனக்கு பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் விளங்கும், தனியே நின்று சிரிப்பேன். ஐந்து வருசமாய் இதுதான் எங்கள் பொழுதுபோக்கு. அந்தப் பெற்றோர் சந்திப்புப் பகுதி வந்த அன்று அவ நடுவில் நிறுத்தி, இது உங்களுக்கு நோகவில்லையா என்று கேட்டா. திரும்ப முதலில் இருந்து போடுங்கோ என்றேன்.

நீ மேடையில் சொல்வது இதுதான். ஆறாம் வகுப்பு. ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு, உங்கள் மகள் வாய் மூடுவதே இல்லை, மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்து வகுப்பைக் குழப்புகிறாள், பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் படிக்கிற ஜிம்னாசியப் பள்ளிக்கூடத்தை மறந்துவிடுங்கள் என்கிறா. நீ கொஞ்சமும் யோசிக்காமல் தமிழில், "அம்மா, நான் இருந்தால் வகுப்பே சந்தோசமாய் இருக்காம். ஜிம்னாசியம் எனக்குக் காணாதாம்" என்கிறாய். ஒன்றும் விளங்காத அம்மா ரீச்சரின் கையைப் பிடித்து நன்றி நன்றி என்று சொல்லி, பயத்தம் பணியாரம் ஒரு தகரப் பேணி நிறையக் கொடுக்கிறா. ரீச்சர் முழிக்கிறா. சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பகிடி நல்ல பகிடி. ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது பிள்ளை. எனக்கு விளங்கியது. ரீச்சர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அன்று திரும்பி வரும் பாதையில் நான் வேகமாய் முன்னே நடந்தேனே, பஸ் போய்விடும் என்று. பஸ்ஸுக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. நான் சிரிப்பதை நீ காணக்கூடாது என்று நடந்தேன்.

ஏன் உன் பொய்யை அங்கேயே பிடிக்கவில்லை, ஏன் ஜேர்மனில் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். அதற்கு ஒரு வருசம் முந்திப் போகவேண்டும். நாங்கள் மூவரும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. எனக்கு ஐந்தாம் மாதம். வயிற்றில் அசைவு குறைந்தது என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம், அப்பா வேலையில், நீதான் கூட வந்தாய். மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை. டொக்டர் உன் உயரத்துக்குக் குனிந்து மெதுவாய்ச் சொன்னார். நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "என்னவாம் பிள்ளை?" என்று நான் கேட்டேன். "பேபி நித்திரையாம் அம்மா. உங்களையும் கொஞ்சம் படுக்கட்டாம்" என்றாய். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிம்மதியாய்ப் படுத்தேன். பின்னேரம் அப்பா வந்து டொக்டரோடு கதைத்த பிறகுதான் வயிற்றுப் பிள்ளை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். மத்தியானத்தில் இருந்து பின்னேரம் வரைக்கும், பத்து வயதுப் பிள்ளை, அதைத் தனியே வைத்துக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து என் காலைத் தடவிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ வீட்டில் பகிடி விடவில்லை. ரயிலில் வருகிற அறிவிப்பை அந்த அம்மாவின் குரலிலேயே சொல்லுகிற பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இனி என் பிள்ளை எனக்காக இன்னொரு செய்தியைச் சுமக்கக்கூடாது என்று, தேவாலயத்துக் கீழ் அறையில் பெண்களுக்கு நடந்த ஜேர்மன் வகுப்புக்கு வியாழக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். உன்னிடம் துப்புரவு வேலை கூடிவிட்டது என்று சொன்னேன். ஒரு வருசம் படித்தேன். அந்த ஒரு வருசம் முடிந்துதான் ரீச்சர் கூப்பிட்டது. ரீச்சர் சொன்னதைக் கேட்டு நான் வாயைத் திறக்கத்தான் போனேன். அப்போது நீ அந்தப் பொய்யைச் சொன்னாய். சொல்லும்போது உன் ஒரு பக்கப் புருவம் மேலே போனது. ஒரு வருசமாய் நான் காணாத முகம் பிள்ளை அது. அந்த முகத்துக்கு முன்னால் ரீச்சரின் ஜிம்னாசியம் எனக்குப் பெரிதாய்த் தெரியவில்லை. பணியாரம் கொடுத்ததும் அதற்குத்தான். வகுப்பில் நீ சிரிக்கிறாய் என்ற செய்தியை எனக்கு முதல் முதல் சொன்னது அந்த ரீச்சர்தானே. அன்று உனக்காக வாதாடியிருந்தால் உன் படிப்பு வேறு மாதிரிப் போயிருக்குமோ என்று இடைக்கிடை மனம் குத்தும். அதை உன்னிடம் மறைக்கவில்லை.

ஆகவே அந்தப் பகுதியைத் திரும்பப் போடு. அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது என்பதையும் போடு. இருபத்திநாலு வருசம் ஏமாந்தது யார் என்று சனம் யோசிக்கட்டும். அதை எப்படிச் சிரிப்பாக்குவது என்பது உன் தொழில், அதில் நான் தலையிட மாட்டேன். ஆஸ்பத்திரியை மட்டும் சொல்லாதே, அது எங்கள் மூன்று பேருக்கும் உரியது. இந்த நாட்டில் எத்தனை அலுவலகத்தில் என் தலைக்கு மேலால் உன்னோடு கதைத்திருக்கிறார்கள், நான் அங்கே ஒரு கதிரை மாதிரி. உன் பகிடியில்தான் நான் ஒரு ஆளாய் நின்று ரீச்சரின் கையைப் பிடிக்கிறேன், முன்பின் தெரியாத சனம் என் பக்கம் நின்று சிரிக்கிறது. எனக்கு அதில் வெட்கம் இல்லை. தாய் பிள்ளைக்கு நன்றி சொல்வது எங்களுக்குள் வழக்கமில்லை, சொன்னால் நீயும் பகிடி பண்ணுவாய். எழுத்தில் என்றால் பகிடி பண்ண ஏலாதுதானே. அந்த மத்தியானத்துக்கு நன்றி பிள்ளை. எனக்கு அன்று ஒரு ஐந்து மணித்தியாலம் கூடுதலாய்த் தந்தாய்.

இன்னொரு செய்தி. வேலையில் மூன்று கிழமை லீவு கேட்டேன், தந்துவிட்டார்கள். அப்பாவே வதனியைக் கொண்டு பிளேன் பார்த்துப் பதிவு செய்துவிட்டார், விசாவுக்கும் போட்டாயிற்று. படம் பிடிக்கிற அன்று முன் வரிசையில் எங்கள் இருவருக்கும் இடம் வை. என்னைக் கண்டு நிறுத்தினாயோ, நான் எழும்பி நின்று மிச்சத்தைத் தமிழில் சொல்லி முடிப்பேன், யோசித்துக்கொள்.

எங்கள் முருகன் உன் தொண்டைக்கும் மனத்துக்கும் காவலாய் நிற்கட்டும். உன்னால் சிரிக்கிற வீடுகளெல்லாம் நன்றாய் இருக்க, அவர்களோடு நீயும் நீண்ட காலம் நன்றாய் இரு. மேடைக்கு முன் ஐஸ் தண்ணீர் வேண்டாம், கொத்தமல்லி அவித்துக் குடி. மறக்காமல், மிளகாய்த் தூள் கொண்டு வரலாமா என்று விசாரித்து உடனே அறிவி. அங்கே விமான நிலையத்தில் பெட்டியைக் கிளறிப் பார்ப்பார்களாம், அப்பா இப்போதே இரண்டு கிலோ கட்டி வைத்துவிட்டார்.

உன் மேல் உயிராய் இருக்கும் அம்மா,
சிவகலா சச்சிதானந்தன்