இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

மியூனிக், அக்டோபர் 1968

அன்புள்ள தம்பிக்கு,

என் நான்கு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. இது தோட்டத்து விஷயம், கடைசி வரை படி.

ஏலச்செடியைக் கிளறும் பன்றிகளுக்கு நல்ல துப்பாக்கி பார்த்துவிட்டேன். தோட்டாவை ஏற்றிப் பூட்டும் போல்ட் இடது பக்கம், தோளில் வைக்கும் கட்டையும் இடது கன்னத்துக்குச் செதுக்கியது. குழல் குட்டை, புதரில் மாட்டாது. போல்ட்டை இருபது தரம் இழுத்துப் பூட்டினேன்; மயிரிழை ஆட்டமில்லை.

கடைக்காரக் கிழவர் சிரித்தார். "நீங்க வலது கைக்காரர் ஆச்சே?"

"சுடப்போறது என் தம்பி. அவனுக்கு வலது கண் போயிடுச்சு."

"எப்படி?"

"பழைய துப்பாக்கி. சுட்டப்போ போல்ட் பின்னால பிச்சுக்கிட்டு வந்துடுச்சு."

"அந்தக் குப்பையை எந்த மடையன் வாங்கினான்?"

"நான்தான். மலிவா கிடைச்சதுன்னு பெருமை வேற அடிச்சேன்."

எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாததை ஓர் அந்நியரிடம் சொல்லிவிட்டேன்.

சுங்க விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். லைசென்ஸ் உன் பேரில் இருப்பதால், நீ கையெழுத்துப் போடாமல் துப்பாக்கி கப்பலேறாது. என் தேர்வில் இம்முறை பிழையில்லை, அதைத் தைரியமாகச் சொல்வேன். கையெழுத்துப் போட மனமில்லையென்றால், அந்தத் தாளிலேயே என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதி அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்