படகுக்கு அடியில் ஜிங்க் கட்டி

நர்சம்மா,

கீரையும் தக்காளியும் சமைத்து அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். கொய்யா நறுக்கியது ஃப்ரிட்ஜில். நானும் அதைத்தான் சாப்பிட்டேன், சத்தியமாக.

நேற்று நான் சத்துமாத்திரை டப்பாவோடு வந்ததும் பிடித்துக்கொண்டாய். "நெஞ்சுக்குள்ளயும் துரு மாதிரி ஒண்ணு பிடிக்கும். அதைத் தடுக்கற சத்து காய்கறி பழத்துலயே இருக்கு. டாக்டர் எழுதாத மாத்திரை எதுக்கு?" என்றாய். "நெஞ்சு என்ன தகரமா, துருப்பிடிக்க?" என்று எகிறினேன். இருபது வருஷமாகப் படகு ரிப்பேர் செய்கிறவன் பேசுகிற பேச்சா அது! உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னக்கூடாது என்று படகுக்கு அடியில் ஜிங்க் என்ற துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறவனே நான்தான். ஜிங்க் அரித்துப் போகும், இரும்பு தப்பிக்கும். கொய்யாவும் உள்ளே போய் அந்த வேலையைத்தான் பார்க்கிறது என்று இன்று பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. உன் மூளையே மூளை!

மாத்திரையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது, தாழ்ப்பாள் போடாதே.

இன்னொன்று. அரித்துப்போன கட்டியை நாங்கள் காலாகாலத்தில் மாற்றிவிடுவோம். எனக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து ஆறு வாரமாக, ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி, இங்கே எனக்குப் பத்தியச் சமையல் என்று நீ ஒருத்தியே தேய்கிறாய். இன்றுமுதல் சமையல் என் வேலை. நீ தூங்கு.